பொத்தானின் பின்புறம்: படைச் சீருடைப் பொத்தான்களின் மெய்ம்மையை ஆராய்தல்

வரலாற்றுச் சான்றுகள் எவை என வினவின், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலை ஆவணம் என விடை வரும். அவ்வரிசையிலே பொத்தானுக்கு இடமளிப்பார் மிகச் சிலரே. பொத்தான் என்னும் சொல் போர்த்துக்கேய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தார் பேச்சு வழக்கில் அதனைத் தெறி என்பர். அறுந்து வீழ்ந்தால் தேடுவாரற்றுப் போகும் அச்சிறு பொருள், 18 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் ஐரோப்பியப் படைகளைப் பொறுத்தவரை எழுத்துச் சான்றாகவே மாறிவிட்டது. 1767 ஆம் ஆண்டிலே, காலாட்படையின் ஒவ்வொரு படையணியும் தனது வரிசை எண்ணைத் தன் பொத்தான்களிற் பொறித்தல் வேண்டும் எனப் பிரித்தானியாவிற் கட்டளை பிறந்தது. பிரெஞ்சுப் படையிலும் இவ்வழக்கம் நிலவியது. படைவீரன் கழுத்தில் அடையாளத் தகடு தொங்காத காலம் அது. போர்க்களத்தில் இறந்தோர் பெரும்பாலும் பெயரின்றிப் பொதுக்குழியில் இடப்பட்டனர். ஆதலின், ஒருவன் யாவன் என்று கூற இயலாவிடினும், அவன் எப்படையணியைச் சேர்ந்தவன் என்று பல நூற்றாண்டுகளின் பின்னரும் கூறவல்லதாய் எஞ்சியது அவனது மேலங்கிப் பொத்தானே.

சான்றாக மதிக்கப்படும் பொருள் விரைவிலே விலைப்பொருளாகவும் மாறும். விலைப்பொருள் ஆனதும் போலிகள் தோன்றும். படைப் பொத்தானின் விலை அதன் உலோகத்துக்கு உரியதன்று. அதனோடு ஒட்டிய கதைக்கே உரியது. சில சதம் பெறுமதியான பித்தளைத் துண்டு, வாட்டர்லூவிலோ கெற்றிஸ்பேர்க்கிலோ கிடந்ததெனப்படின் பன்மடங்கு விலை பெறும். இவ்விடத்து ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளுதல் வேண்டும். பழையதன்றாயினும் ஏமாற்றும் நோக்கமின்றிச் செய்யப்பட்ட பொத்தான்கள் மிகப் பல. திரைப்படங்களுக்கும் நாடகங்களுக்கும், பழைய போர்களை நடித்துக் காட்டும் கழகங்களுக்கும், அரும்பொருட்சாலை வாயிலில் விற்கும் நினைவுப் பொருட்களுக்கும் எனச் செய்யப்பட்டவை அவை. அவை குற்றமற்றவை. ஆயினும் செய்தவர் கையிலிருந்து மூன்றாவது நான்காவது கைக்கு மாறும்போது, அவற்றின் பிறப்பு மறக்கப்படுகின்றது. விற்பவர் அறிந்து பொய் கூறுவதும் உண்டு. அறியாமலே பொய் கூறுவது அதனினும் அதிகம். வஞ்சனைக்கெனவே வார்த்துப் பழமை பூசப்பட்ட பொத்தான்கள் இவற்றோடு ஒப்பிடச் சிறுபான்மையினவே எனலாம்.

ஓர் ஆவணத்தின் மெய்ம்மையைச் சோதிக்கும் வரலாற்றாசிரியர், முதலில் அது எழுதப்பட்ட தாள், மை, கையெழுத்து என்பவற்றை நோக்குவர். பின்னர் அதன் உள்ளே கூறப்பட்டவை தம்முள் முரண்படுகின்றனவா என ஆராய்வர். இறுதியாக அது எங்கிருந்து எவ்வழியாக வந்தது என வினவுவர். பொத்தானுக்கும் இம்மூன்று வினாக்களே உரியன. ஆயின் பெரும்பாலான சேகரிப்பாளர் பொத்தானின் முகப்பிலுள்ள கழுகையும் முடியையும் எண்ணையும் கண்டு மயங்கி நின்றுவிடுகின்றனர். முகப்பு, அணிபவன் பிறருக்குக் காட்டுதற்கென அமைந்தது. போலி செய்பவனும் முதலிற் கவனம் செலுத்துவது அங்கேயே. உண்மை பெரும்பாலும் பின்புறத்திலேயே தங்கியிருக்கின்றது.

முதலிற் செய்பொருளையும் செய்முறையையும் நோக்குவோர், பிரித்தானியப் படையின் வழக்கை அறிந்திருத்தல் வேண்டும். சாதாரண படைவீரரின் பொத்தான்கள் 1855 வரை பியூட்டர் எனப்படும் வெள்ளீயக் கலப்புலோகத்தால் வார்க்கப்பட்டன. அதிகாரிகளின் பொத்தான்களோ தத்தம் படையணியின் சரிகை நிறத்துக்கேற்ப வெள்ளியாகவோ பொன்முலாம் பூசியனவாகவோ அமைந்தன. 18 ஆம் நூற்றாண்டு அதிகாரியின் பொத்தான், என்பு அல்லது மரத்தாலான வட்டின் மீது மெல்லிய உலோகத் தகட்டை அழுத்திப் போர்த்தியது. ஆடையோடு பிணைத்தற்கு அதன் பின்னே நரம்புக் கயிறு கோக்கப்பட்டிருந்தது. என்பும் நரம்பும் மண்ணில் உக்கிப் போக, நசுங்கிய தகடு மாத்திரமே இன்று கிடைப்பது வழக்கம். 1855 இல் படைவீரருக்கும் பித்தளைப் பொத்தான் வந்தது. 1871 இல் எண்கள் நீங்கி, காலாட்படையின் சாதாரண வீரர் பெரும்பாலோர்க்கும் அரச சின்னம் பொறித்த பொதுப் பொத்தான் வழங்கப்பட்டது. அதிகாரிகளின் பொத்தான்களில் எண் 1881 வரை நிலைத்து, அவ்வாண்டின் படைச் சீரமைப்போடு மறைந்தது. இச்சிறு கால அட்டவணையை நினைவில் வைத்திருப்பவர் முன்னே, நெப்போலியன் காலத்துச் சாதாரண வீரனது எனக் கூறி நீட்டப்படும் எண் பொறித்த பித்தளைப் பொத்தான் ஒரு கணமும் நில்லாது.

பொத்தானை ஆடையோடு பிணைக்கும் வளையத்தைக் காது எனலாம். பியூட்டர்ப் பொத்தானிலே அக்காது, பொத்தானோடு ஒருசேர வார்க்கப்பட்டதாகவோ, வார்க்கும்போதே உட்செருகிய இரும்புக் கம்பியாகவோ இருக்கும். தட்டையான பித்தளைப் பொத்தானில் அது கம்பியாற் செய்து பற்றாசு கொண்டு ஒட்டப்பட்டிருக்கும். 1813 இல் பெஞ்சமின் சாண்டர்ஸ் என்பார், முகப்புத் தகட்டையும் முதுகுத் தகட்டையும் தனித்தனியே செய்து, ஒன்றன் விளிம்பை மற்றதன் மேல் மடித்து இறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். உள்ளே வெறுமையும் வெளியே குமிழ்ந்த முகப்பும் கொண்ட இருதகட்டுப் பொத்தான் அதன் பின்னரே பெருவழக்காயிற்று. 18 ஆம் நூற்றாண்டின் படையெண்ணைத் தாங்கிவரும் இருதகட்டுப் பொத்தான் ஒன்று எதிர்ப்படின், அதன் முகப்பு எத்துணை அழகாயினும் ஐயம் கொள்ளுதலே முறை.

வார்த்த பொத்தானையும் அச்சடித்த பொத்தானையும் வேறுபடுத்தும் பழக்கம் இத்துறையில் இன்றியமையாதது. எஃகு அச்சால் ஓங்கி அடிக்கப்பட்ட பித்தளைத் தகட்டிலே கோடுகள் கூர்மையாய் எழும். கழுகின் இறகுகளைக் கைவில்லையால் எண்ண முடியும். எழுத்துகளின் ஓரங்கள் நேராய் நிற்கும். அத்தகைய பழைய பொத்தானொன்றை மாதிரியாகக் கொண்டு மெழுகிலோ இறப்பரிலோ அச்செடுத்து வார்க்கப்படும் போலியிலே, கோடுகள் மழுங்கி, பள்ளங்களில் நுண்ணிய குழிகளும் மணல்போன்ற சொரசொரப்பும் தோன்றும். விளிம்பைச் சுற்றி வார்ப்பு அச்சின் இரு பாதிகளும் கூடிய இடத்தில் அரத்தால் அராவிய அடையாளம் காணப்படலாம். உலோகம் குளிரும்போது சுருங்குமாதலால் வார்த்த போலி தன் மூலத்தினும் சிறிது குறுகியே இருக்கும். நூற்றுக்கு இரண்டு என்ற அளவிற் சுருங்கினும், 24 மில்லிமீற்றர் விட்டமுள்ள பொத்தான் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் இழக்கின்றது. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, இடுக்கியளவி ஒன்றும் நம்பத்தக்க மூலப்பொத்தான் ஒன்றும் இருந்தால் இதனைக் கண்டுகொள்ளலாம். எனினும் இங்கே ஒரு தடை உண்டு. உண்மையான பியூட்டர்ப் பொத்தான்களும் வார்க்கப்பட்டனவே; ஆதலின் வார்ப்பு என்பது தன்னளவிற் குற்றமாகாது. அடித்துச் செய்யப்பட்டிருக்க வேண்டியது வார்க்கப்பட்டிருப்பதே குற்றம்.

பொன்முலாமும் காலத்தை உரைக்கும். முற்காலத்துப் பேர்மிங்ஹாம் தொழிலாளர், பொன்னை இரசத்திற் கரைத்த கலவையைப் பித்தளை மீது பூசி, நெருப்பிற் சூடாக்கி இரசத்தை ஆவியாக ஓட்டினர். பொத்தானிலே பொன் எஞ்சியது. தொழிலாளரின் நுரையீரலிலும் நரம்பிலும் இரசம் எஞ்சியது. 1840 இல் எல்கிங்ரன் குடும்பத்தார் மின்னோட்டத்தால் முலாம் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றபின் அக்கொடிய முறை படிப்படியாக அருகியது. தீயில் முலாம் பூசிய பொருளின் மேற்பரப்பில் இரசத்தின் சுவடு நீங்காது தங்கும். எக்ஸ் கதிரைச் செலுத்தி, பொருளிலுள்ள மூலகங்கள் திருப்பியனுப்பும் கதிர்களை அளந்து அவற்றை இனங்காணும் சோதனையினால், பொத்தானைச் சிறிதும் சேதப்படுத்தாமல் அச்சுவட்டை இன்று அறியலாம். 1815 க்குரியதெனப்படும் பொன்முலாம் பொத்தானிலே இரசம் சற்றுமின்றி மின்முலாம் மட்டும் காணப்படின், அம்முலாம் பின்வந்தது என்பது உறுதி. முலாம் பின்வந்ததாயின் பொத்தானும் பின்வந்ததாதல் வேண்டுமா எனின், வேண்டியதில்லை. பழைய பொத்தானுக்குப் புதுமெருகு ஏற்றியோரும் உளர். ஆய்வுகூட விடை எத்துணைத் துல்லியமாயினும், அது விடையளிக்கும் வினா எது என்பதைத் தெளிந்துகொள்ளாதார்க்கு அதனாற் பயனில்லை.

இனிப் பின்புற முத்திரைக்கு வருவோம். பொத்தானின் முதுகிலே செய்தோன் பெயரும் ஊரும், சிற்சில வேளை தெருவும் இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே முலாம் பூசுவதிற் பெருகிய மோசடியைத் தடுக்கும் பொருட்டு, உலோகப் பொத்தான்கள் பற்றிய சட்டமொன்றை 1796 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றியது. பொன்முலாம், வெள்ளிப்பூச்சு என்னும் சொற்களைத் தகுதியற்ற பொத்தானிற் பொறித்தல் அதன்படி குற்றமாயிற்று. அக்காலத்தை ஒட்டியே, மும்முலாம் என்றும் மிகச் செழித்தது என்றும் தரத்தைப் புகழும் ஆங்கிலத் தொடர்கள் பொத்தான்களின் முதுகிலே பெருகக் காண்கின்றோம். செய்தோரின் பெயர்களோ இன்னும் நுட்பமான கடிகாரங்கள். இலண்டனின் பேர்மின் நிறுவனம் 17 ஆம் நூற்றாண்டிலே தோன்றியது. அதன் கூட்டாளிகளும் முகவரிகளும் மாறுந்தோறும் முத்திரையும் மாறியது. அக்காலத்து நகர வணிகர் முகவரி ஏடுகளோடு ஒப்பிட்டு அம்மாற்றங்களுக்குக் காலம் குறிக்கலாம். பேர்மிங்ஹாமின் கோன்ற் நிறுவனம் தோன்றியதோ 1884 இலே. அதன் பெயரைத் தாங்கிய பொத்தானொன்று கிரைமியப் போரிலே, அதாவது 1853 இற்கும் 1856 இற்கும் இடையிலே, அணியப்பட்டிருத்தல் எவ்வாற்றானும் இயலாது.

அமெரிக்காவிலும் இவ்வாறே. கொனெற்றிக்கற் மாநிலத்து வோட்டர்பெரி நகரில் இயங்கிய ஸ்கோவில் நிறுவனம் 1840 முதல் 1850 வரை ஒரு பெயரையும், 1850 இன் பின் மற்றொரு பெயரையும் முத்திரையிற் பொறித்தது. அயல் நிறுவனமாகிய வோட்டர்பெரிப் பொத்தான் கம்பனி 1944 இலே தன் பெயரிலிருந்த பொத்தான் என்னும் சொல்லை விட்டு, கம்பனிகள் எனப் பன்மையில் எழுதத் தொடங்கியது. அப்பன்மை முத்திரையோடு, 1861 தொடக்கம் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரின் பொத்தான் எனக் கூறி விற்கப்படுவது அப்போர் முடிந்து எண்பதாண்டுகள் வரையேனும் கழிந்தபின் பிறந்தது.

முத்திரை இல்லாமை போலிக்குச் சான்றாகாது என்பதையும் கூறியாதல் வேண்டும். ஒல்லுமிடத்தெல்லாம் முத்திரையைத் தேடிப் பழகியோர் இதிலே இடறுவர். தென்மாநிலங்கள் பிரிந்துசென்றபோது பொத்தான் ஆலைகளோ வடக்கில் இருந்தன. தெற்கு, கடல் முற்றுகையைத் தாண்டி இங்கிலாந்திலிருந்து பொத்தான் தருவித்தது. போதாமையாலே ஈயத்தையும் வெள்ளீயத்தையும் உருக்கித் தானே வார்த்தும் கொண்டது. அவ்வாறு வார்க்கப்பட்டவை கரடுமுரடானவை, முத்திரையற்றவை, நடுவிலே ஒரு தனி எழுத்து மாத்திரம் கொண்டவை பல. வறுமையால் எளிமையாய்ச் செய்யப்பட்ட அப்பொத்தான்களே இன்று வடக்கின் நேர்த்தியான கழுகுப் பொத்தான்களினும் விலை கூடியவை. எளிமையானதைப் போலி செய்தல் எளிதாதலின், மிகுந்த போலிகள் உலவுவதும் அவ்வகையிலேயே. ஒருபுறம் இங்கிலாந்து முத்திரை கொண்ட தென்மாநிலப் பொத்தானை அறியாதார் போலி என ஒதுக்குவர். மறுபுறம் நேற்று வார்த்த ஈயத்துண்டை அரும்பொருள் எனப் போற்றுவர்.

முகப்பிலுள்ள சின்னங்கள் தம்முள் ஒத்திருக்கின்றனவா என்பது அடுத்த வினா. விக்ரோறியா அரசியார் காலத்து முடியின் வளைவுகளும், 1901 இன் பின் வழங்கிய முடியின் உருண்ட வளைவுகளும், 1953 இல் முடிசூடிய இரண்டாம் எலிசபெத் காலத்து முடியின் தாழ்ந்த வளைவுகளும் தம்முள் வேறானவை. முடியைக் கண்டு அரசர் காலத்தைக் கூறுதல் சேகரிப்பாளரின் முதற்பாடம். அரைநூற்றாண்டுக்கு மேலாக, உருண்ட வளைவுள்ள முடி என்றால் 1901 இற்கும் 1952 இற்கும் இடைப்பட்டது என விதி செய்திருந்தனர். 2022 இல் மூன்றாம் சாள்ஸ் மன்னர் அவ்வுருண்ட முடியையே மீண்டும் தேர்ந்ததனால் அவ்விதி தளர்ந்துவிட்டது. இனிவருவோர் அம்முடியைக் கண்டதும் பொத்தானைத் திருப்பிப் பார்த்தே ஆகவேண்டும். பொன்னிறமேற்றிய அலுமினியப் பொத்தான்கள் பிரித்தானியப் படையில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்தவை. கையிலெடுத்தவுடன் அவற்றின் எடைக்குறைவே அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

பழமையின் நிறம் பற்றி ஏட்டிலும் சந்தையிலும் கூறப்படுவனவற்றை அளவோடு நம்புதல் நன்று. செம்பு கலந்த உலோகம் மண்ணில் நெடுங்காலம் கிடப்பின், முதலிற் சிவந்த படலமொன்றும் அதன் மேலே பச்சைக் களிம்பும் படியும். அவை உலோகத்தோடு ஒன்றியவை, எளிதில் உதிரா. அமிலம், உப்பு, அமோனியா ஆவி ஆகியவற்றால் சில நாட்களில் ஏற்றப்படும் களிம்போ நீலம் கலந்து, பொடியாய், முகப்பிலும் முதுகிலும் ஒரே சீராய்ப் படிந்திருக்கும். துணியால் தேய்த்தால் துணியில் ஒட்டும். மெய்யான தேய்மானம் சீரற்றது: முகப்பின் மேடுகள் தேயும், பள்ளங்கள் தேயா, நூலும் துணியும் உரசிய காதின் உட்புறம் மெருகேறும், கம்பிக் காது ஒருபக்கம் இழுபட்டுச் சாயும். போலி செய்வோர் முகப்பைத் தேய்க்க மறவார். காதின் உட்புறத்தைத் தேய்க்க நினைப்பவர் அரியர். ஆயினும் அணியப்படாமலே படைக் களஞ்சியத்திற் கிடந்து இன்று புதிதுபோல் வெளிவரும் உண்மையான பொத்தான்களும் உள. புதுமைத் தோற்றம் ஒன்றே கொண்டு எதனையும் தள்ளுதல் தகாது.

இவ்வளவும் கற்றவரையும் திகைக்கவைக்கும் ஒரு வகை உண்டு. உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு நினைவு 1961 தொடக்கம் 1965 வரை அமெரிக்காவிற் கொண்டாடப்பட்டபோது அக்காலப் பொருட்களுக்குப் பெரும் வேட்கை எழுந்தது. வோட்டர்பெரியிலே பழைய எஃகு அச்சுகள் அழியாதிருந்தன. அவற்றைக்கொண்டு அதே நிறுவனம் பொத்தான்களை மீளவும் அடித்தது. இவை வார்த்தவையல்ல, கோடுகள் கூர்மையானவை, அளவு குறையாதவை, செய்த நிறுவனமும் ஊரும் பழையவையே. போலி என்னும் சொல் இவற்றுக்குப் பொருந்துமா? இதற்கு முன்னரே, 1889 இல் அமைந்த தென்மாநில முன்னாட் படைவீரர் சங்கத்தார் தம் ஒன்றுகூடல்களுக்குச் சாம்பல்நிற மேலங்கி அணிந்து வந்தனர். அவற்றுக்கெனவும் பொத்தான்கள் செய்யப்பட்டன. அம்முதியோர் போர்க்களத்தில் நின்றவர் என்பது உண்மை. அவரது அப்பொத்தான் போர்க்களத்தில் நின்றதன்று என்பதும் உண்மை. இத்தகைய பொத்தான்களை நோக்குமிடத்து, மெய்ம்மை என்பது வடிவிலோ உலோகத்திலோ அச்சிலோ அடங்குவதன்று, பொருள் கடந்துவந்த வழியிலேயே அது தங்கியுள்ளது என்று கொள்ள வேண்டியதாகின்றது. ஒரே அச்சிற் பிறந்த இரு பொத்தான்களுள் ஒன்று 1862 இல் ஒருவனது மார்பிலிருந்தது. மற்றது 1962 இல் அட்டைப் பெட்டியிலிருந்தது. இவ்வேறுபாட்டைத் தகட்டின் தடிப்பும் முலாமும் முத்திரையும் ஓரளவு காட்டலாம். முழுவதும் காட்டவல்லது, அது எங்கே கிடந்து எவரால் எடுக்கப்பட்டது என்னும் பதிவு ஒன்றே.

அப்பதிவைத்தான் சேகரிப்பு வேட்கை அழித்து வந்திருக்கின்றது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் உபரியாக விற்கப்பட்ட கண்ணிவெடி காணும் கருவிகளைக் கொண்டு அமெரிக்கப் போர்க்களங்களைத் துழாவத் தொடங்கினர். தோண்டியெடுத்த பொத்தான்கள் பெட்டிகளில் நிறைந்தன. எவ்விடத்திற் கிடந்தன என்பது பெரும்பாலும் எழுதப்படவில்லை. அந்நாட்டுக் கூட்டரசின் நிலங்களிலே அனுமதியின்றித் தொல்பொருள் அகழ்தலை 1979 இன் சட்டம் கடுங்குற்றமாக்கியது. தனியார் நிலங்களில் அத்தடை இல்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1997 இல் தொடங்கிய கண்டெடுப்புப் பதிவுத் திட்டமோ 1700 க்கு முற்பட்டவற்றிலேயே பெரிதும் கவனம் செலுத்துவது. எண் பொறித்த பொத்தான்கள் 1767 இன் பின்னரே தோன்றியமையால் அவற்றுட் பெரும்பாலானவை அதன் வலைக்கு வெளியே நழுவுகின்றன. இடம் மறந்த உண்மையான பொத்தான் திறமையான போலியோடு ஒரே தட்டில் வைத்து ஐயுறப்படுவது இதன் விளைவு. போலி தனக்கில்லாத வரலாற்றைக் கோருகின்றது. தோண்டிப் பெயர்க்கப்பட்ட மெய்ப்பொருளோ தனக்கிருந்த வரலாற்றையே இழந்து நிற்கின்றது.

இடத்தோடு கூடிய பொத்தான் எத்துணை பேசவல்லது என்பதற்கு லித்துவேனியாவின் தலைநகராகிய வில்னியுஸ் சான்று. 2001 இன் இலையுதிர் காலத்தில், அந்நகரில் முன்னைச் சோவியத் படைமுகாம் இருந்த நிலத்திலே கட்டட வேலை நடந்தபோது மனித என்புகள் குவியல் குவியலாக வெளிப்பட்டன. 20 ஆம் நூற்றாண்டில் நாற்சிப் படையினராலும் சோவியத் காவற்றுறையினராலும் கொல்லப்பட்டோர் பல்லாயிரவரைக் கண்ட நாடு அது. எனவே, அவ்விரு தரப்பாருள் எவர் செய்த கொலை இது என்பதே முதலில் எழுந்த ஐயம். என்புகளோடு கலந்து கிடந்த நாணயங்களும் படையணி எண் பொறித்த பொத்தான்களும் அவ்வையத்தைத் தீர்த்தன. 1812 இல் மொஸ்கோவிலிருந்து பின்வாங்கி, குளிராலும் பசியாலும் நோயாலும் அந்நகரில் மாண்ட நெப்போலியனின் படையினரே அவர்கள். அகழ்வில் எண்ணப்பட்டோர் மூவாயிரத்துக்கும் அதிகம். எவரும் ஐயுறாதபடி அப்பொத்தான்களை மெய்யாக்கியது அவை கிடந்த நிலையே. விலா என்புகளின் மீதும் உக்கிய துணியின் மீதும் அவை கிடந்தன. 2003 இல் அவ்வென்புகள் வில்னியுஸின் அன்ரகால்னிஸ் இடுகாட்டிலே மீள அடக்கம் செய்யப்பட்டன.

அப்படையின் பொத்தான்களைப் பற்றி நெடுங்காலமாக ஒரு கதையும் வழங்கி வருகின்றது. ருஷியக் குளிரில் அவர்களது வெள்ளீயப் பொத்தான்கள் பொடியாய் உதிர்ந்தமையாலேதான் படை அழிந்தது என்பது அக்கதை. தூய வெள்ளீயம் ஏறத்தாழ 13 பாகை செல்சியசுக்குக் கீழே சாம்பல்நிறப் பொடியாக மாறக்கூடியது என்பது இரசாயன உண்மை. ஆயின் அம்மாற்றம் மிக மெதுவாக நிகழ்வது; ஈயமும் அந்திமனியும் போன்ற கலப்புகள் சிறிதளவு இருப்பினும் தடைப்படுவது. அன்றியும் பிரெஞ்சு நேர்வரிசைக் காலாட்படையின் பொத்தான்கள் மஞ்சள் உலோகத்தாலானவை. வெண்ணிறப் பொத்தான் இலகு காலாட்படைக்கே உரியது. பொத்தானிலே போலி உண்டாவதுபோலப் பொத்தானைப் பற்றிய கதையிலும் உண்டாகின்றது.

இலங்கையை நோக்குமிடத்து இவ்வாராய்ச்சி வேறொரு கூர்மை பெறுகின்றது. பிரித்தானியரின் 19 ஆம் காலாட்படையணி 1796 தொடக்கம் 1820 வரை இத்தீவில் நிலைகொண்டிருந்தது. 1803 பெப்ரவரியிற் கண்டி நகரைக் கைப்பற்றிய படையில் அப்படையணியினர் இருந்தனர். அவ்வாண்டு யூன் மாதத்தில் மேஜர் டேவியின் காவற்படை சரணடைந்தபின், நகரில் நோயுற்றுக் கிடந்தோரும் மகாவலி ஆற்றங்கரையை அடைந்தோரும் கொல்லப்பட்டனர். அதே படையணி 1815 இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தபோதும், 1817 இலும் 1818 இலும் ஊவாக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோதும் மலைநாட்டில் நடமாடியது. கண்டிச் சீமையில் எங்கேனும் 19 என்னும் எண் பொறித்த பியூட்டர்ப் பொத்தானொன்று கிடைப்பதாகக் கொள்வோம். வார்ப்பும் காதும் உலோகக் கலப்பும் சோதிக்கப்பட்டு அது போலியன்று என்பது துணியப்படினும், அதனை அணிந்தவன் தோற்று மாண்ட படையைச் சேர்ந்தவனா, பதினைந்தாண்டு கழித்து ஊர்களை எரித்துச் சென்ற படையைச் சேர்ந்தவனா என்பது அவ்வெண்ணால் விளங்காது. இந்நாட்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940 இல் இயற்றப்பட்டபோது, தொல்பொருள் என்பதற்குக் கண்டி உடன்படிக்கை கைச்சாத்தான 1815 மார்ச் 2 ஐ எல்லையாக வகுத்தது. அவ்வெல்லையின்படி 1803 இல் அறுந்து வீழ்ந்த பொத்தான் தொல்பொருள். 1818 இல் அறுந்து வீழ்ந்த அதே எண்ணும் அதே உலோகமும் கொண்ட பொத்தான் தொல்பொருளன்று. இரண்டையும் பிரித்தறிதற்கு, அது எந்த மண்ணடுக்கில் எவற்றோடு கிடந்தது என எடுத்தவர் அவ்விடத்திலேயே எழுதிவைத்திருத்தல் வேண்டும்.